ஜல்லியை விட்டுத் தார் உரியாமலிருக்க: ஃபில்லரைத் தேர்வது, அளப்பது, சேர்ப்பது

மழை ஓய்ந்ததும் குழி விழுந்த இடத்தில் சிதறிக் கிடக்கும் ஜல்லி ஒன்றைக் கையில் எடுத்துப் பாருங்கள். முழுக்கக் கறுப்பாக இருந்தால் கோளாறு வேறெங்கோ இருக்கிறது: ரோலர் ஓட்டம் போதவில்லை, அடித்தளம் உட்கார்ந்துவிட்டது என்று தேடலாம். கழுவி எடுத்ததுபோல் கல்லின் சொந்த நிறம் தெரிந்தால், தண்ணீர் புகுந்து தாரை உரித்திருக்கிறது. இந்த இரண்டாவது கோளாறுக்கு ஃபில்லர், அதாவது தார்க் கலவையில் சேர்க்கும் நுண்தூள், வழியாக என்ன செய்யலாம் என்பதே இங்கே பேச்சு. (வாய்வழக்கில் தார் என்கிறோம், சாலையில் போடுவது பெட்ரோலியத்திலிருந்து வரும் பிட்டுமின். வழக்கப்படியே தார் என்றே எழுதுகிறோம்.)

உரிதல் பெரும்பாலும் தார்த்தளத்தின் அடியில் தொடங்கி மேலேறும். அதனால் மேற்பரப்பு நன்றாக இருக்கும்போதே உள்ளே பாதி போயிருக்கும். சந்தேகம் இருந்தால் கோர், அதாவது தளத்தைத் துளைத்தெடுக்கும் உருளைத் துண்டு, வெட்டி எடுங்கள். வெட்டிய பக்கத்தை நம்ப வேண்டாம்; பிளேடு கல்லையும் தாரையும் ஒன்றாகத் தேய்த்து மெருகேற்றிவிடும். கோரை நீளவாக்கில் பிளந்து, பிளந்த முகத்தில் அடிப்பகுதியைப் பாருங்கள். வெளியே தெரியும் அடையாளங்களும் உண்டு. விரிசல் வழியே மழைக்குப் பின் வெளிறிய தூள் கசிந்து காய்ந்திருக்கும். சக்கரத் தடத்தில் ஆங்காங்கே தார் மினுக்கும். அது தார் அதிகமாகிப் பொங்கியதாக இருக்கலாம். கீழே உரிந்த தார் மேலே ஏறி வந்ததாகவும் இருக்கலாம். கோர் எடுக்காமல் தார் அளவைக் குறைத்துவிட்டால் நோய் முற்றும்.

ஏன் உரிகிறது

கிரானைட், குவார்ட்சைட் போன்ற சிலிக்கா மிகுந்த கற்களுக்குத் தாரைவிடத் தண்ணீரோடு ஒட்டுதல் அதிகம். தாரில் இயல்பாகவே கொஞ்சம் கார்பாக்சிலிக் அமிலங்கள் உண்டு. அவை கல்லின் மேல் முதலில் நன்றாகத்தான் ஒட்டும்; தண்ணீர் வந்ததும் முதலில் கழன்றுகொள்வதும் அவைதான். சுண்ணாம்புக்கல்லில் இந்தத் தொல்லை குறைவு, ஏனெனில் அதிலுள்ள கால்சியத்தோடு அந்த அமிலங்கள் தண்ணீரில் கரையாத உப்பாக மாறிப் பிடித்துக்கொள்கின்றன. கல்லை மாற்ற முடியாத இடத்தில் கால்சியத்தைத் தூளாகக் கொண்டுவந்து சேர்க்கிறோம். நீற்றுச் சுண்ணாம்பு செய்யும் வேலையின் சாரம் இவ்வளவுதான்.

இன்னொரு வழியிலும் தளம் கெடும். கல்லுக்கும் தாருக்கும் இடையிலான பிடிப்பு நன்றாக இருந்தும், தாரும் தூளும் கலந்த பசை தண்ணீர் குடித்து இளகிவிடும். களிமண் கலந்த தூள் இருந்தால் இது விரைவாக நடக்கும். ஆக ஃபில்லருக்கு இரண்டு வேலை: கல்லின் முகத்தில் பிடிப்பைக் கூட்டுவது, பசையைத் தண்ணீருக்குத் தாக்குப்பிடிக்க வைப்பது. களிமண் இல்லாத எந்தத் தூளும் இரண்டாவது வேலையைக் கொஞ்சம் செய்யும். முதலாவதைச் செய்வது சில தூள்கள் மட்டுமே.

எந்தத் தூள்

நீற்றுச் சுண்ணாம்பு, அதாவது கால்சியம் ஹைட்ராக்சைடு, முதல் தேர்வு. காய்ந்த ஜல்லியின் எடையில் 1 முதல் 1.5 சதவீதம் போதும்; மிக மோசமான கல்லுக்கு 2 வரை போகலாம். நீற்றாத சுட்ட சுண்ணாம்பை ஒருபோதும் போடாதீர்கள். அது தண்ணீர் கண்டதும் நீறிப் பருத்துத் தளத்தை உள்ளிருந்தே பிளக்கும். அரைகுறையாக நீற்றிய மலிவுச் சுண்ணாம்பிலும் இதே ஆபத்து இருப்பதால், ஏ.எஸ்.டி.எம். சி 1097 போன்ற தரக்குறிப்புக்கு உட்பட்ட சரக்கா என்று சான்றிதழ் கேளுங்கள்.

பழைய சரக்கும் வேண்டாம். காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடை இழுத்துச் சுண்ணாம்பு மெல்ல கால்சியம் கார்பனேட்டாகிவிடும். அதன்பின் அது வெறும் சுண்ணாம்புக்கல் தூள்தான். ஒரு சிட்டிகை எடுத்துத் தண்ணீரில் குழைத்து, நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஒரு சொட்டு விடுங்கள். நல்ல சுண்ணாம்பு அதிகம் நுரைக்காது. பொங்கி நுரைத்தால் மூட்டையைத் திருப்பி அனுப்பலாம்.

சிமென்ட் இரண்டாம் இடம். 1 முதல் 2 சதவீதம் போடுவது வழக்கம். எங்கும் ஒரே தரத்தில் கிடைக்கும் என்பது அதன் பெரிய பலம். சுண்ணாம்பு அளவுக்குப் பிடிப்பைப் பொதுவாகக் கூட்டாது என்றாலும் வெறும் கல்தூளைவிட மேல்.

சுண்ணாம்புக்கல் தூளும் பளிங்குத் தூளும் பசைக்கு நல்லவை, கையாள எளிது. சிலிக்காக் கல்லின் முகத்தை மாற்றும் வல்லமையை இவற்றிடம் எதிர்பார்க்க வேண்டாம். கார்பனேட் அவ்வளவு சுறுசுறுப்பாக வினைபுரியாது.

அனல்மின் நிலையச் சாம்பலை யோசித்துத்தான் எடுக்க வேண்டும். கால்சியம் மிகுந்த சாம்பல் உதவும். எரியாத கரி மிகுந்த சாம்பல் தாரை உறிஞ்சிக்கொள்ளும். ஒவ்வொரு லோடிலும் தரம் மாறும் என்பதால், லோடுக்கு லோடு சோதிக்கும் ஏற்பாடு இல்லாதவர்கள் இதைத் தொடாமல் இருப்பது நல்லது.

கல் உடைக்கும் கிரஷரிலிருந்து வரும் கல்தூளும், கலவை பிளான்ட்டின் பேக் ஃபில்டரில் (புகையிலிருந்து தூளை வடிக்கும் துணிப்பைகள்) பிடிபடும் தூளும் எப்படியும் கலவைக்குள் வந்துவிடும். சுண்ணாம்புக்குச் செலவழிக்கும் முன் இவற்றைச் சோதியுங்கள். ஃபில்லருக்கான பொது வரம்பு: 0.6 மி.மீ. சல்லடையில் 100 சதவீதம், 0.3 மி.மீ.யில் 95 முதல் 100, 0.075 மி.மீ.யில் 70 முதல் 100 சதவீதம் இறங்க வேண்டும். களிமண் தன்மையைக் காட்டும் பிளாஸ்டிசிட்டி எண் 4-ஐத் தாண்டக் கூடாது. சுண்ணாம்புக்கும் சிமென்ட்டுக்கும் அந்த எண் பொருந்தாது. சலிப்பதைத் தண்ணீர் விட்டுக் கழுவிச் செய்யுங்கள். உலர் சலிப்பில் களிமண் கட்டி மணல்போல நின்று ஏமாற்றும்.

களிமண்ணைப் பிடிக்க மெத்திலீன் நீலச் சோதனைதான் கூர்மையானது. 0.075 மி.மீ.க்குக் கீழான தூளை நீரில் கலக்கி, சாயத்தைச் சிறிது சிறிதாக விட்டு, ஒவ்வொரு முறையும் வடிதாளில் ஒரு சொட்டு வைக்கிறோம். கரும்புள்ளியைச் சுற்றி வெளிர்நீல வளையம் நிலைத்து நிற்கும் இடமே முடிவு. ஒரு கிராம் தூளுக்கு 6 மில்லிகிராம் வரை சாயம் பிடித்தால் மிக நல்லது. 7 முதல் 12 விளிம்புநிலை. 13 முதல் 19 என்றால் தொல்லை வரும். 20-க்கு மேல் அந்தத் தூளை வெளியே கொட்டுங்கள். 18 காட்டும் தூளை வைத்துக்கொண்டு மேலே 1.5 சதவீதம் சுண்ணாம்பு தூவுவது, ஓட்டைக் குடத்துக்கு வெளிப்பூச்சு.

எவ்வளவு: எடை ஒன்று, கன அளவு வேறு

பலரும் சறுக்கும் இடம் இது. சுண்ணாம்பின் ஒப்படர்த்தி ஏறத்தாழ 2.25, கல்தூளினுடையது 2.7, சிமென்ட்டினுடையது 3.15. எடைக்கு எடை மாற்றினாலே கன அளவு மாறிவிடும். அதைவிடப் பெரிய வித்தியாசம், இறுக்கிய தூளுக்குள் எவ்வளவு காலியிடம் என்பது. ரிக்டன் சோதனை காட்டுவது இதைத்தான். சாதாரணக் கல்தூளில் 30 முதல் 34 சதவீதம் வரும். நீற்றுச் சுண்ணாம்பில் 60 முதல் 70. அந்தக் காலியிடத்துக்குள் போகும் தார் கல்லைப் பூச வராது. பசையைக் கெட்டிப்படுத்த மட்டுமே உதவும்.

100 கிலோ ஜல்லிக்கு ஒரு கணக்குப் போடுவோம். 5 கிலோ கல்தூள், காலியிடம் 33 சதவீதம். திடப்பொருள் 1.85 லிட்டர், அதற்குள் சிக்கும் தார் சுமார் 0.91 லிட்டர். அதே 5 கிலோவில் 1.5 கிலோவை மட்டும் 64 சதவீதக் காலியிடம் உள்ள சுண்ணாம்பாக மாற்றினால், சிக்கும் தார் சுமார் 1.82 லிட்டர், அதாவது இரு மடங்கு. 5 கிலோவும் சுண்ணாம்பானால் 3.95 லிட்டர். கலவையில் 5.2 சதவீதம் தார் என்றால் மொத்தத் தாரே 5.4 லிட்டர் அளவுதான். அதில் கல்லும் கொஞ்சம் உறிஞ்சும். மிச்சத்தைக் கொண்டு ஜல்லி முழுவதையும் பூச முடியுமா? இரண்டு தூள் கலக்கும்போது ஒன்றின் காலியிடத்தில் மற்றது உட்காரும் என்பதால் இது தோராயம்தான். ஆனாலும் போக்கு இதுவே. கொஞ்சம் நல்லதென்றால் நிறைய இன்னும் நல்லது என்று சுண்ணாம்பை அள்ளிப் போட்டால் கலவை வறண்டு, ரோலருக்குப் படியாமல், குளிரில் வெடிக்கும்.

எனவே வரிசை இப்படி இருக்கட்டும். முதலில் சுண்ணாம்பு எவ்வளவோ அதே எடைக் கல்தூளைக் கழித்துக்கொள்ளுங்கள். பிறகு 0.075 மி.மீ.க்குக் கீழான மொத்தத் தூளின் சதவீதத்தை, கல் உறிஞ்சியது போக மிஞ்சும் தாரின் சதவீதத்தால் வகுத்துப் பாருங்கள். வழக்கமான கலவைகளில் இது 0.6 முதல் 1.2-க்குள் நிற்க வேண்டும். சுண்ணாம்பு இருக்கும்போது மேல் விளிம்பை ஒட்டிப் போகாதீர்கள். மூன்றாவதாக, தார் அளவை மறுபடி வடிவமைத்துச் சரிபாருங்கள். பழைய வடிவமைப்புத் தாளில் ஃபில்லர் பெயரை மட்டும் அடித்து மாற்றி எழுதுவது குற்றத்துக்குச் சமம்.

ஆய்வகத்தில் நிரூபிப்பது

விரைவாக வடிகட்ட, கொதிநீர்ச் சோதனை. தார் பூசிய கலவையைக் கொதிக்கும் தண்ணீரில் 10 நிமிடம் வைத்து, ஆறவிட்டு, நீரை வடித்து, வெள்ளைத் தாளில் கொட்டிப் பார்ப்பது. 95 சதவீதத்துக்குக் கீழே பூச்சு நின்றால் அந்தச் சேர்க்கையை அங்கேயே கைவிடலாம். கண்மதிப்பு என்பதால் தேறியதை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள்.

முடிவு செய்வது ஆஷ்டோ டி 283 முறையிலான இழுவலிமை விகிதச் சோதனையில். செய்முறையைச் சுருக்கமாகச் சொன்னால்:

1. கலவையைக் கலந்து ஆறவிட்டு, 60 டிகிரி செல்சியஸில் 16 மணி நேரம் வைக்கவும். பின் இறுக்கும் வெப்பநிலையில் 2 மணி நேரம்.
2. குறைந்தது 6 உருளைகள் இறுக்கவும். காற்றிடைவெளி (இறுக்கிய கலவைக்குள் காற்று நிற்கும் இடம்) 7 சதவீதம், அரை சதவீதம் முன்பின். 4 சதவீதத்தில் இறுக்கினால் தண்ணீரே நுழையாது, எந்தக் கலவையும் தேறிவிடும்.
3. மூன்று மூன்றாகப் பிரிக்கவும். இரண்டு குழுவின் சராசரிக் காற்றிடைவெளியும் ஒன்றாக இருக்குமாறு பார்த்துப் பிரிக்க வேண்டும்.
4. ஒரு குழுவை வெற்றிடத்தில் தண்ணீர் ஏற்றவும். இடைவெளியில் 70 முதல் 80 சதவீதம் நீர் நிறைய வேண்டும். 70 வராவிட்டால் மறுபடி வெற்றிடம் கொடுக்கலாம். 80-ஐத் தாண்டிய உருளையைக் கழித்துவிடவும். நீர் அழுத்தமே அதைச் சிதைத்திருக்கும்.
5. பிளாஸ்டிக் தாளில் சுற்றி, உறையிட்டு, மைனஸ் 18 டிகிரியில் குறைந்தது 16 மணி நேரம். பின் 60 டிகிரித் தண்ணீரில் 24 மணி நேரம்.
6. இரண்டு குழுவையும் 25 டிகிரிக்குக் கொண்டுவந்து, நிமிடத்துக்கு 50 மி.மீ. வேகத்தில் விட்டத்தின் வழியே அழுத்திப் பிளக்கவும்.

உடையும் சுமையை இரட்டித்து, பை, உயரம், விட்டம் மூன்றின் பெருக்கலால் வகுத்தால் இழுவலிமை. 100 மி.மீ. விட்டம், 63.5 மி.மீ. உயர உருளை 8 கிலோநியூட்டனில் உடைந்தால் சுமார் 800 கிலோபாஸ்கல். நனைந்தவற்றின் சராசரியை உலர்ந்தவற்றின் சராசரியால் வகுத்தால் விகிதம். 80 சதவீதம் வழக்கமான எல்லை.

விகிதத்தை மட்டும் பார்ப்பவர் ஏமாறுவார். ஒரு மாதிரிக் கணக்கு: சுண்ணாம்பில்லாமல் உலர் 800, நனைந்தது 600, விகிதம் 75. சுண்ணாம்போடு உலர் 1,000, நனைந்தது 790; விகிதம் 79. தாளில் நான்கு புள்ளி மட்டும் ஏறியிருக்கிறது, எல்லையைக்கூடத் தொடவில்லை. ஆனால் மழையில் சாலை தாங்கும் வலிமை மூன்றில் ஒரு பங்கு கூடிவிட்டது. எதிர்ப்பக்கமும் நடக்கும்: உலர்வலிமை விழுந்ததால் மட்டுமே விகிதம் உயர்ந்து ‘தேறிய’ கலவைகள். அறிக்கையில் மூன்று எண்களையும் எழுதச் சொல்லுங்கள். பிளந்த உருளையின் உட்புறத்தைப் பார்த்து உரிந்த ஜல்லியைக் குறித்துக்கொள்வதும் அந்த எண்களுக்கு ஈடான சாட்சி. வசதி இருந்தால் ஹாம்பர்க் சக்கரச் சோதனையும் செய்யலாம். 50 டிகிரித் தண்ணீருக்குள் எஃகுச் சக்கரம் 20,000 முறை வரை ஓடும். தடம் ஒரே சீராக ஆழமாகிவந்து திடீரென்று சரியத் தொடங்கும் புள்ளியே உரிதல் தொடங்கிய இடம். நல்ல ஃபில்லர் அந்தப் புள்ளியைத் தள்ளிப்போடும், அல்லது வரவே விடாது.

பிளான்ட்டில் சேர்ப்பது

சுண்ணாம்பு கல்லைத் தொட்ட பிறகே தார் வர வேண்டும். நான்கு வழிகளில் செய்கிறார்கள்.

உலர்ந்த சூடான ஜல்லியில் உலர்ந்த சுண்ணாம்பு: எளிது, மலிவு. பேட்ச் பிளான்ட்டில் (தடவைக்குத் தடவை எடை போட்டுக் கலக்குவது) பக்மில் என்ற கலக்கும் தொட்டிக்குள் ஜல்லி விழுந்ததும் சுண்ணாம்பை விட்டு, சுமார் 10 விநாடி உலரக் கலக்கி, பிறகு தார் தெளியுங்கள். டிரம் பிளான்ட்டில் (சுழலும் உருளைக்குள் இடைவிடாமல் கலக்குவது) குளிர்ஜல்லியோடு உலர்தூளைப் போட்டால் சூடான காற்றோட்டம் அதை அள்ளிக்கொண்டு நேராக பேக் ஃபில்டருக்குப் போய்விடும். தார் விழும் இடத்துக்குச் சற்று முன் திருகுக் கடத்தி வழியே கொடுக்க வேண்டும்.

ஈர ஜல்லியில் உலர்ந்த சுண்ணாம்பு: ஜல்லி தன் நுண்துளை நிறையக் குடித்த பிறகும் 2 முதல் 3 சதவீதம் ஈரம் மேலே இருக்குமாறு நனைத்து, சுண்ணாம்பு சேர்த்து, கலப்பியில் புரட்டி, டிரம்முக்கு அனுப்புவது. ஈரத்தில் சுண்ணாம்பு கரைந்து கால்சியம் கல்லின் முகத்துக்குப் போய்ச் சேர்கிறது, தூளும் பறக்காது. செலவுக்கும் பலனுக்கும் நடுவே நிற்கும் முறை இது. தெரிவு இருந்தால் இதையே பரிந்துரைப்போம். கூடுதல் ஈரத்தை ஆவியாக்க எரிபொருள் கூடும் என்பதை முதலிலேயே கணக்கில் வையுங்கள்.

சுண்ணாம்புப் பால் தெளிப்பது சீராகப் பூசும். தண்ணீரும் எரிபொருளும் அதிகம் கேட்கும். பூசிய ஜல்லியை ஓரிரு நாள் குவித்து ஊறவைத்து எடுப்பது களிமண் ஒட்டிய ஜல்லிக்கு நல்ல மருந்து, ஆனால் இடமும் இரட்டை வேலையும் வேண்டும். குவியலை வாரக்கணக்கில் விட்டால் மேல்தோல் கார்பனேட்டாகிவிடும்.

அளவைப் பார்ப்போம். 1,500 கிலோ பேட்ச், தார் 5.2 சதவீதம் என்றால் ஜல்லி 1,422 கிலோ, 1.5 சதவீதச் சுண்ணாம்பு 21.3 கிலோ. ‘பேட்சுக்கு ஒரு மூட்டை’ என்று 25 கிலோவைக் கொட்டினால் 1.76 சதவீதமாகிவிடும், ஒரு பேட்சில் ஆள் மறந்தால் பூஜ்யம். எடைத்தொட்டி வைத்தே தீர வேண்டும். மணிக்கு 120 டன் ஓடும் டிரம் பிளான்ட்டுக்கு நிமிடத்துக்கு 28.4 கிலோ. திருகுக் கடத்தியின் வேகத்தை வைத்து மட்டும் நம்பாதீர்கள். தூளைச் சேமிக்கும் சைலோவில் தூள் பாலம் கட்டி நின்றுவிட்டால் திருகு வெறுமனே சுழன்றுகொண்டிருக்கும், திரையில் எண் சரியாகவே காட்டும். சைலோவை எடைமானியில் நிறுத்தி, அன்றைய குறைவையும் அன்று போன கலவை டன்னையும் தினமும் மாலையில் ஒப்பிடுங்கள். சைலோவுக்குள் ஊதும் காற்று உலர்ந்ததாக இருக்க வேண்டும். ஈரக்காற்றுதான் பாலத்தைக் கட்டுகிறது.

பேக் ஃபில்டர் தூளைத் திருப்பி விடுவதாக இருந்தால் சீராக விடுங்கள். அடைத்துக்கொண்டு பிறகு மொத்தமாக விழும்போது அந்தச் சில டன் கலவை தூள் மிகுந்து வறண்டு போகும். சாலையில் காரணம் புரியாத தனித்தனித் திட்டுகளாக உரியும். ஜல்லி நன்றாகக் காயாமல் போனாலும் சுண்ணாம்பு காப்பாற்றாது: கல்லுக்குள்ளிருந்து வரும் நீராவி தார்ப்பூச்சைப் பின்னாலிருந்து தள்ளும். கலவையில் மிஞ்சும் ஈரம் 0.5 சதவீதத்துக்குள் இருக்கட்டும்.

உரிதலைத் தடுக்கத் தாரில் கலக்கும் திரவ ஒட்டுப்பொருளையும் சுண்ணாம்பையும் சேர்த்துப் போடலாமா என்று கேட்பார்கள். அந்தத் திரவங்களிலுள்ள அமீன் வகைகளும் தாரிலுள்ள அதே அமிலங்களைத்தான் தேடிப் போகின்றன. இரண்டும் சேர்ந்தால் பலன் கூடும் என்று எடுத்துக்கொள்ளாமல், சேர்த்தே சோதித்து முடிவெடுங்கள்.

சுண்ணாம்பு நீரின் பி.எச். 12-க்கு மேல். மூடிய கண்ணாடியும் கையுறையும் முகமூடியும் இல்லாமல் மூட்டை பிரிக்கக் கூடாது. கண்ணில் பட்டால் உடனே ஓடும் தண்ணீரில் நிறுத்தாமல் கழுவி மருத்துவரிடம் போக வேண்டும். வியர்த்த கழுத்திலும் காலணிக்குள்ளும் படிந்த தூள் மாலைக்குள் தோலைப் புண்ணாக்கிவிடும்.

ஃபில்லரால் ஆகாதது

தளத்தில் காற்றிடைவெளி 5 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் தண்ணீர் எளிதில் நுழையாது. 15-க்கு மேல் போனால் நுழைந்த தண்ணீர் வடிந்துவிடும். இடைப்பட்ட 8 முதல் 12 சதவீதம்தான் மோசம்: தண்ணீர் உள்ளே வரும், வெளியே போகாது, ஒவ்வொரு சக்கரமும் அதை அழுத்திப் பம்பு அடிக்கும். சுண்ணாம்புக் கலவை சற்றுக் கெட்டி என்பதால் பழைய ரோலர் ஓட்டத்தில் பழைய அடர்த்தி வராமல் போகலாம். முதல் நாளே 100 மீட்டர் சோதனைத் தளம் போட்டு, ஓட்ட எண்ணிக்கையையும், கலவை எந்த வெப்பம்வரை ரோலருக்குப் படிகிறது என்பதையும் புதிதாகக் கண்டுபிடியுங்கள். கோரில் இடைவெளி 7 சதவீதத்துக்கு மேல் வந்தால் ஃபில்லரைத் தொடாதீர்கள், ரோலரைக் கவனியுங்கள். தளத்தின் விளிம்பிலும் இணைப்பிலும் தனியாகக் கோர் எடுங்கள்; நடுப்பகுதியைவிட அங்கே இடைவெளி எப்போதும் கூடுதல், மழைக்குப் பின் முதல் வெள்ளை ஜல்லி எட்டிப் பார்ப்பதும் அங்கேதான்.